கண்ணாடியில் மூன்று வரி

என் கடைக்கு வரும் எந்தப் போனையும் நான் முதலில் துடைத்துவிடுவேன். என்ன பழுது என்று கேட்பதெல்லாம் பிறகு. மன்னாரில் பதினாறு வருடமாகப் போன் திருத்துகிறவனுக்கு இது சுத்தமில்லை, தற்காப்பு. வருகிற போன்களில் பாதி கடலுக்குப் போய் வந்தவை. மீன் செதில் ஒட்டியிருக்கும், உப்புப் பூத்திருக்கும், சிலவற்றை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது. ஸ்பிரிட்டில் நனைத்த துணி ஒன்று எப்போதும் என் வலது கைப்பக்கம் கிடக்கும். வருகிறவரின் ஸலாத்துக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் துடைத்து முடித்திருப்பேன்.

அந்த வியாழக்கிழமை காலை றிபாத் கொண்டுவந்து வைத்த போனையும் அப்படித்தான் துடைத்தேன். றிபாத் ஓட்டோ ஓடுகிறவன், எங்கள் உப்புக்குளத்து ஆள்; அண்ணன் முறைக்கு என்னை நானா என்பான்.

"நானா, பொஞ்சாதிட போன். சார்ஜ் ஏறுதில்ல. பின்னேரத்துக்குள்ள தாங்கோ, இல்லாட்டி என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா" என்றான். வேறும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் ஒருவர் கூப்பிட, ஓடிவிட்டான்.

கண்ணாடியின் மேற்பாதியில் கறுப்பாக ஏதோ கிறுக்கியிருந்தது. பிள்ளைகளின் வேலை என்று நினைத்தேன். முதல் துடைப்பில் போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு அழுத்தித் தேய்த்தேன். மூலையில் விடாப்பிடியாக நின்ற ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிள்ளை வளர்க்கிற சீரைப் பார் என்று மனதுக்குள் திட்டவும் செய்தேன். றிபாத்துக்குப் பிள்ளைகளே இல்லை என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

பழுது சின்னது. சார்ஜ் வயர் செருகும் வாய் உப்புக் காற்றில் பச்சை பிடித்துப்போயிருந்தது. அதை மாற்றி, சார்ஜ் ஏற வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது கடை வாங்கில் நூர்ஜஹான் உட்கார்ந்திருந்தாள். றிபாத் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடி எங்கேயோ ஓடியிருந்தான். நூர்ஜஹான் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புக் குறைய. நடந்துகொண்டே வாசிக்கிற பிள்ளை. ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டு போய், நடுறோட்டில் நின்ற கழுதையில் முட்டி விழுந்ததை எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இருபத்தாறு வயதில் கண் நரம்பில் வருத்தம் வந்தது. ஒரு வருடத்துக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை முழுதாகப் போய்விட்டது. பிறகு கொஞ்சக் காலம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. எழுத்தை வாசித்துச் சொல்லும் போன் வந்த பிறகுதான் பழைய நூர்ஜஹான் திரும்பி வந்தாள்.

"ஏறிட்டுதோ நானா?"

"ஏறிட்டு. எழுபது வீதம் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரேயொரு அதிகாரம் மிச்சம் நானா. அதைத் தொடங்கேக்க போன் செத்துப்போச்சு. எனக்கு நேத்துத் துவக்கம் சோறு இறங்கேல்ல."

என்ன புத்தகம் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு புத்தகம் தொட்டவனில்லை. அவளுக்கோ யாராவது கேட்டால் போதும்.

வங்காலையில் நண்டுக் கொம்பனியில் நண்டு உடைக்கிற மெற்றில்டா என்ற பெண் எழுதிய நாவலாம். அச்சடிக்கிற செலவை நினைத்தும் பார்க்க முடியாததால் போனில் வாசிக்கிற புத்தகமாக மட்டும் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மன்னார் ரவுணில் வெளியீட்டு விழா. வெளியீடு என்றால் முதற்பிரதி கொடுக்க வேண்டும், கொடுக்கப் பிரதி இல்லை. ஆகவே ஒரு போனுக்குச் சிவப்பு ரிபன் கட்டித் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்களாம். பிரதம விருந்தினர் ரிபனை அவிழ்த்துவிட்டு, போனைத் திறக்கத் தெரியாமல் முழித்தாராம். சபை சிரித்த சிரிப்பைச் சொல்லி நூர்ஜஹான் தானும் சிரித்தாள்.

"பிறகு எல்லாரும் கையெழுத்துக்கு லைனில நிண்டம். எதில போடுறது? ஒராள் கொப்பி நீட்டினார், ஒராள் அழைப்பிதழ நீட்டினார், ஒரு பொடியன் கையை நீட்டினான். நான் போனை நீட்டினன். 'எல்லாருக்கும் போடுற மாதிரி எனக்கும் கையெழுத்து வேணும் அக்கா, புத்தகம் இதுக்குள்ளதான் இருக்கு' எண்டன். அவ கறுப்புப் பேனையால கண்ணாடியிலயே எழுதினவ."

என் கை அந்த ஸ்பிரிட் துணியின் மேல் இருந்தது. சுடுகிறமாதிரி எடுத்தேன்.

"என்ன எழுதினீங்கள் எண்டு கேட்டன். 'புத்தகம் முடிச்சாப்பிறகு ஆரையும் கொண்டு வாசிப்பியுங்கோ, முதல் வேணாம்' எண்டுட்டா. அதுதான் றிபாத்தைக்கூட வாசிக்க விடேல்ல. அழிஞ்சிரும் எண்டு நாலு நாளா மேற்பாதியில விரல் வைக்கேல்ல நானா. கண்ணாடியத் தொடவேணாம் எண்டு உங்களிட்டச் சொல்லச் சொன்னனான், சொன்னவர்தானே?"

"ம்" என்றேன். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. றிபாத் சொல்ல வாயெடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவள் போனை வாங்கி, கீழ்ப்பாதியில் மட்டும் விரலை ஓடவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். போன் கடகடவென்று வாசித்தது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் நிறுத்தினாள்.

"உங்களுக்கு வேகம் கூட என்ன? நான் குறைக்கிறன், நீங்களும் கேளுங்கோ."

எனக்காக வேகத்தைக் குறைத்தாள். நான் அவளுக்குச் செய்து வைத்திருந்த வேலைக்கு, அவள் எனக்காக வேகத்தைக் குறைத்தாள். அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனிதன். சொல்லவில்லை. உட்கார்ந்து கதை கேட்டேன்.

கதையில் இரண்டு சகோதரிகள். சண்டை பிடித்துக்கொண்டு தங்கச்சி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாள். கடைசி அதிகாரத்தில் அக்கா, உயிர் நண்டு நாலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் காத்திருக்கிறாள். பைக்குள் நண்டு சரசரக்கிறது. பஸ் வருகிறது, கதவு திறக்கிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. யார் இறங்கியது என்று சொல்லவேயில்லை. எனக்குக் கெட்ட கோபம் வந்தது. நூர்ஜஹான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள்.

"இப்ப வாசியுங்கோ நானா."

கண்ணாடி பளபளவென்றிருந்தது. அதில் என் முகம்தான் தெரிந்தது.

"நூர்ஜஹானுக்கு... அன்புடன்... மெற்றில்டா" என்று வாசித்தேன்.

"மிச்சம்?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"மூண்டு வரி நானா. பேனை கீச்செண்டு போய்த் திரும்பித் திரும்பி மூண்டுதரம் இந்தக் கரையில துவங்கினது. பின்னால நிண்ட சனம் புறுபுறுத்தது, அவ அவ்வளவு நேரம் எடுத்தவ."

"வெயிலுக்கு மை கலைஞ்சு போயிருக்கும்."

அவள் போனை வாங்கினாள். நாலு நாளாகத் தொடாத மேற்பாதியில் ஒரு விரலை வைத்தாள். பிறகு விரலை மூக்கடியில் கொண்டுபோனாள். துணியில் கிடந்த என் கையின் ஸ்பிரிட் மணம் கண்ணாடியிலும் ஏறியிருந்தது.

"பரவாயில்ல நானா" என்றாள்.

ஏசியிருக்கலாம். றிபாத்தின் ஓட்டோச் சத்தம் கேட்டதும் எழுந்து, கம்பைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம் இருக்கிறது, இதற்குப் பழக்கமில்லை.

வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கும்போது மனைவி ஷப்னாவிடம் சொன்னேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். ஷப்னாவிடம் பாரம் குறைக்கப் போனது என் பிழை.

"கண் தெரியாதவட எழுத்தை அழிச்சீங்கள். அது தெரியாமச் செஞ்சது. அழிச்சுப்போட்டு, இல்லாத எழுத்தை வாசிச்சும் காட்டினீங்களோ?"

"பதட்டத்தில..."

"அன்புடன்! எனக்கு ஒருநாளாவது அன்புடன் எண்டு எழுதியிருப்பியளோ? நாளைக்கு ஜும்ஆ முடிய நேரே வங்காலைக்குப் போங்கோ. அந்தப் பொம்பிளையிட்டச் சொல்லி, திருப்பி எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமை போனேன். பாலம் தாண்டித் தள்ளாடிச் சந்தியில் திரும்பி வங்காலைக்குப் போகும்வரை என்ன சொல்வதென்று மோட்டார் சைக்கிளில் ஒத்திகை பார்த்தேன். மெற்றில்டா வேலையால் வந்து, முற்றத்தில் கதிரை போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எழுத்தாளர் என்றால் எப்படியிருப்பார் என்று எனக்கு ஒரு படம் இருந்தது, அந்தப் படத்தில் நண்டு மணம் இருக்கவில்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அக்கா, நூர்ஜஹானுக்கு நீங்கள் எழுதினதை நான் துடைச்சுப்போட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, "வாசிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்ல. பிள்ளையள் கிறுக்கினது எண்டு நினைச்சன்."

"என்ர எழுத்து அப்பிடித்தான் இருக்கும்" என்று சிரித்தார். சிரித்தாலும் முகம் வாடித்தான் இருந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வெளிறி, கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தன. கீறல்கள் வேறு. "இருபத்திரண்டு வருசம் தம்பி. நண்டுக் கோது ரேகையத் திண்டுபோட்டுது. விரல் வச்சா என்ர போனே என்னை ஆரெண்டு கேக்குது. பேனை பிடிச்சா வழுக்குது."

"அப்ப இவ்வளவு பெரிய கதையை எப்பிடி எழுதினீங்கள்?"

"எழுதேல்ல, சொன்னனான். கொம்பனியால வீட்டுக்கு நடந்து வரேக்க போனுக்குச் சொல்லுவன், அது எழுதும். எங்கட பேச்சு அதுக்கு விளங்காது, ரேடியோவில கதைக்கிற மாதிரிக் கதைக்கவேணும். தனியக் கதைச்சுக்கொண்டு போறாள், விசர் பிடிச்சிட்டுது எண்டு சனம் கதைச்சது. சிலபேர் வெளிநாட்டில ஆரோ இருக்கினம் எண்டுஞ் சொன்னவை."

எனக்கு உடனே ஒரு வழி தெரிந்தது. "அப்ப சுகம் அக்கா. அவக்கு எழுதினதை இப்ப என்ர போனில சொல்லுங்கோ, குரல் பதிஞ்சு கொண்டுபோய்க் குடுக்கிறன். அவக்கும் கேக்கிறதுதானே வசதி."

மெற்றில்டா தலையை ஆட்டினார். "அவ புத்தகம் முழுக்கக் குரலாத்தான் கேட்டவ. அண்டைக்கு என்னட்டக் கேட்டது குரல் இல்ல. எல்லாருக்கும் போடுற மாதிரி வேணும் எண்டு கேட்டவ. நாளைக்கு எனக்கு அரைநாள். பஸ்ஸில வாறன், அவவையும் கடைக்கு வரச் சொல்லுங்கோ."

"என்னதான் எழுதினீங்கள்?"

"அவக்கு எழுதினது உங்களுக்கேன்?"

அதற்குமேல் கேட்க முகமில்லை. புறப்படும்போது மற்றதைக் கேட்டேன். "அந்த பஸ்ஸால தங்கச்சி இறங்கினவளோ?"

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"இறங்கித்தான் இருப்பாள். இல்லாட்டி அந்த நண்டு வீண்."

அவர் அன்றைக்கு முதல் தடவையாக மனம் விட்டுச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து உட்கார்ந்தவனுக்கு ஒரே யோசனை. பேனையால் எழுதினால் இன்னொரு நாள் இன்னொருவன் துடைப்பான். துடைக்காவிட்டாலும் நூர்ஜஹான் அந்தப் பாதியைத் தொடாமல் எத்தனை நாள் போன் பாவிப்பாள்? அதோடு, யாராவது வாசித்துச் சொன்னால்தான் அவளுக்கு அந்த எழுத்து இருக்கிறது. நான் வாசித்த வாசிப்பை அவள் கேட்டுவிட்டாள். இனி யார் வாசித்தாலும் நம்புவாளா?

மேசையைத் தடவிக்கொண்டிருந்த என் பெருவிரலில் ஏதோ நெருடியது. எப்போதோ சிந்திக் காய்ந்த பசைத் துளி. உடைந்த கண்ணாடி ஒட்டுகிற பசை அது. ஊசி முனைக் குப்பியில் தண்ணிமாதிரி வரும், ஊதா வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பிடித்தால் கல்லாகிவிடும். அந்தத் துளியை நான் எத்தனை வருடமாக ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தோற்றிருக்கிறேன்! அதை அன்று திரும்பத் திரும்பத் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டும் தடவினேன்.

மூன்று மணிக்கு மெற்றில்டா வந்தார். நூர்ஜஹானும் றிபாத்தும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். றிபாத், சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் ஓடிய குற்றத்துக்குத் தலை குனிந்து ஒரு மூலையில் நின்றான். நான் என் குற்றத்தைச் சொன்னேன்.

"நூர்ஜஹான், துடைச்சது நான்தான். துடைச்சதோட நிக்காமப் பொய்யும் வாசிச்சனான். மாப்புச் செய்யுங்கோ."

"துடைச்சது தெரியாமத்தானே நானா. 'அன்புடன்' எண்டியள் பாருங்கோ, அதுக்குத்தான் எனக்குக் கோவம். இவ்வளவு பெரிய கதை சொன்ன மனிசி அவ்வளவு லேசா விடுவாவோ?"

மெற்றில்டா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பஸ்ஸையும் நண்டையும் பற்றிக் குசுகுசுத்தார்கள். இந்தமுறை எழுத்து கண்ணாடியில் இல்லை, முதுகில்; பசை பிடிக்கவென்று நான் போனின் முதுகை மெல்லிய உப்புத்தாளால் உரசிப் பதப்படுத்தினேன்.

பசையால் எழுதுவது லேசில்லை. அழுத்தினால் பரவும், விட்டால் அறும். மெற்றில்டாவின் விரலில் குப்பி வழுக்கியது. பழைய உடைந்த கண்ணாடிகளைக் கொடுத்துப் பழகச் சொன்னேன். முதல் கண்ணாடியில் ஒரு குளம்தான் வந்தது. இரண்டாவதில் எழுத்துகள் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. குப்பியைச் சுற்றி ரப்பர் பட்டி சுற்றிக் கொடுத்தேன். நாலாவதில் கை பிடிபட்டது. இனிப் போனில் எழுதலாம் என்றார்.

"எல்லாரும் அங்கால பாருங்கோ" என்றார். நானும் றிபாத்தும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கழுதையும் குட்டியும் கடை வாசலைத் தாண்டிப் போகும் நேரத்துக்கு ஒரு வரிதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு வரி முடியவும் கையை மட்டும் பின்னால் நீட்டி ஊதா விளக்கைப் பிடித்தேன். நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரியும் இறுகிய பிறகு மெற்றில்டா போனை நூர்ஜஹானின் மடியில் வைத்தார். "இதை வாசிக்க ஒருத்தரும் வேணாம் பிள்ளை. விரலை வச்சுப் பாருங்கோ."

நூர்ஜஹான் விரலை வைத்தாள். வைத்ததும் எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி வைத்தாள். இருபத்தாறு வயதுவரை கண்ணால் பார்த்த எழுத்துகள். பன்னிரண்டு வருடமாக ஒன்றையும் அவள் சந்தித்திருக்கவில்லை.

"இது பானா... கீழ கோடு இறங்குது. பு. பு..." விரல் அடுத்ததுக்கு நகர்ந்தது. "புத்... புத்தகம்!"

றிபாத் எட்டிப் பார்த்து உதவப் போனான். பார்க்காமலே அவன் கையில் ஓர் அடி போட்டாள். அதன் பிறகு ஒருவரும் அசையவில்லை. பிழையாக வாசித்தாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம்கூட எடுத்திருக்கும். எனக்கு வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து நின்றார்கள், கையைக் காட்டி நிறுத்திவைத்தேன். கடைசியில் முதலில் இருந்து சேர்த்துச் சொன்னாள்.

"புத்தகம் வாயால் சொன்னது. கையால் எழுதினது இதுதான். நூர்ஜஹானுக்கு, மெற்றில்டா."

நான் இரண்டு தரம் தேய்த்து, நகத்தாலும் சுரண்டி எடுத்தது அதைத்தான். அந்தப் பெண் முழுக் கதையிலும் தன் கையால் எழுதிய ஒரேயொரு இடத்தை.

"மற்ற ஆக்களுக்கு முதலெழுத்தைப் போட்டு ஒரு கோடு இழுத்துவிட்டனான்" என்றார் மெற்றில்டா. "உங்களுக்கு மட்டும் எழுதவேணும் போல கிடந்தது. நான் சொன்னதை, சொன்ன மாதிரியே காதால கேட்டது நீங்கள்தானே." பிறகு என் பக்கம் திரும்பினார். "முதல் எழுதினதைத் தம்பி துடைச்சதும் ஒரு வழியில நல்லதுதான். இல்லாட்டி கையால எழுதினது இரண்டாப்போய், 'இதுதான்' எண்டது இப்ப பொய்யாப் போயிருக்கும்."

நூர்ஜஹான் அழுதுகொண்டே சிரித்தாள். அழுகிறேன் என்பதை மறைக்க எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் மேசையின் மேல் கையை ஓடவிட்டு எதையோ தேடினாள். என் ஸ்பிரிட் துணி அகப்பட்டது. அதையும் போனையும் என் முன்னால் தள்ளினாள்.

"இப்ப துடையுங்கோ நானா."

"வேணாம் நூர்ஜஹான்."

"துடையுங்கோ எண்டுறன்."

துடைத்தேன். அன்றைக்குப் போலவே ஸ்பிரிட் விட்டு அழுத்தித்தான் துடைத்தேன். பிறகு போனைக் கொடுத்தேன். அவள் முதல் வரியில் விரலை வைத்து, கடைசி எழுத்துவரை மெதுவாகப் போய்ப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.